குறைந்த செலவில் நண்பர்களோடு சிங்கப்பூர்: முதன்முறை வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் செலவு மிகுந்த நகரம்தான். ஆனால் இங்கே எல்லாப் பொருளும் ஒரே அளவுக்கு விலை ஏறியவை அல்ல. தங்குமிடம், மது, டாக்சி, கட்டணம் செலுத்தி நுழையும் கேளிக்கை இடங்கள் ஆகிய நான்கும் பணத்தை வேகமாகக் கரைத்துவிடும். ரயில், பேருந்து, உணவங்காடி நிலையச் (ஹாக்கர் சென்டர்) சாப்பாடு, பூங்கா, குடிநீர் ஆகியவையோ இங்கு வாழும் சாதாரணக் குடும்பங்களின் அன்றாடத் தேவைக்காக அமைந்தவை என்பதால், அவற்றின் விலை கட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊரிலிருந்து வரும் நண்பர் குழுக்களுக்கு நான் எப்போதும் சொல்வது, முதல் வகையில் எதை விடலாம் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொண்டு, இரண்டாம் வகையைத் தாராளமாக அனுபவியுங்கள் என்பதே.

முதலில் பணப்பேச்சு, பிறகு பயணச்சீட்டு

நண்பர்கள் சேர்ந்து போகும் பயணங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் ஊரின் விலைவாசியால் வருவதில்லை. பணத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசாததால் வருகிறது. நால்வரில் ஒருவர் நல்ல சம்பளத்தில் இருப்பார். இன்னொருவர் வேலை தேடிக்கொண்டிருப்பார் அல்லது வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பார். 'எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொள்வோம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், கையில் குறைவாக வைத்திருப்பவர் கூச்சத்தால் மறுப்புச் சொல்லாமல் கடைசிவரை தவித்துக்கொண்டே வருவார். ஆகவே ஒவ்வொருவரும் தம்மால் செலவிட முடிந்த அதிகபட்சத் தொகையைக் குழுவில் நம்பகமான ஒருவரிடம் தனியாகச் சொல்லட்டும். அவற்றில் எது மிகக் குறைவோ, அதுவே பொதுத்திட்டத்தின் அளவாக இருக்க வேண்டும். யார் சொன்ன தொகை அது என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதன்பின் செலவை இரண்டாகப் பிரியுங்கள். அறை வாடகை, ஒன்றாகச் சாப்பிடும் வேளைகள், அவசரத்துக்கான டாக்சி ஆகியவை பொதுப்பணத்திலிருந்து போகட்டும். இதற்கு ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே ஒரே தொகையைக் கொடுத்து, கணக்கில் கவனமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம். மது, கடைவீதி, கட்டண இடங்கள் ஆகியவை அவரவர் சொந்தச் செலவு. கட்டண இடத்துக்குப் போக விரும்புவோர் போகவும், விரும்பாதோர் அந்த அரைநாளை வேறு இடத்தில் கழித்துவிட்டு மாலையில் சேர்ந்துகொள்ளவும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இராது.

ஆள் எண்ணிக்கையும் செலவைத் தீர்மானிக்கிறது. சாதாரண டாக்சியில் நான்கு பேர் வரை ஏறலாம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் இரண்டு வண்டியோ பெரிய வண்டியோ பிடிக்க வேண்டும். நால்வர் குழு எனக்கு எல்லா வகையிலும் வசதியாகத் தோன்றுகிறது.

ஒருவருக்கு ஒரு நாளுக்கான மதிப்பீடு ஒன்றைச் சொல்கிறேன்: விடுதியில் படுக்கைக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சாப்பாட்டுக்கு 20 வெள்ளி, ரயில், பேருந்துக்கு 5 வெள்ளி, சில்லறைச் செலவுக்கு 10 வெள்ளி, ஆக 70 வெள்ளி. விமானக் கட்டணமும் கட்டண இடங்களும் இதில் சேரவில்லை. இன்னும் இறுக்கிப் பிடிக்க முடியும். ஆனால் இதற்குக் கீழே போனால் களைப்பும் பசியும்தான் மிஞ்சும்.

எப்போது வருவது, எந்தத் தாள்கள் வேண்டும்

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் ஃபார்முலா 1 இரவுக் காரோட்டப் பந்தய வாரம், சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதி விடுமுறை ஆகிய காலங்களில் அறை வாடகை வெகுவாக ஏறிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வந்தால் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுவதும் ஒளியூட்டப்பட்டிருப்பதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. குடை எந்த மாதத்திலும் கையில் இருக்கட்டும்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா எடுத்தாக வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் கட்டணம் 30 வெள்ளி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கும்போது அவர் தம் சேவைக்குத் தனியாக வாங்குவார் என்பதால், இரண்டு மூன்று முகவர்களிடம் விலை கேட்டுப் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. எந்த நாட்டவராயினும் 'எஸ்ஜி அரைவல் கார்டு' எனப்படும் மின்னியல் வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், வந்து சேரும் முன்பே நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் இணையத் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. ஆணையத்தின் சொந்தத் தளத்தையோ செயலியையோ மட்டுமே பயன்படுத்துங்கள்.

மலிவு விலை விமானத்தில் வருவதானால், ஆளுக்கொரு பெட்டிக்குப் பணம் கட்டாமல், இருவருக்கு ஒரு பெட்டி என்று முன்பதிவின்போதே வாங்கிவிடுங்கள். விமான நிலைய முகப்பில் கூடுதல் எடைக்குக் கட்டும் தொகை பல வேளைச் சாப்பாட்டை விழுங்கிவிடும். பயணக் காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். வெளிநாட்டவருக்கு இங்கே மருத்துவமனைச் செலவு மிக அதிகம்.

தங்குமிடம்

குறைந்த செலவுக்கு ஏற்றவை பலர் ஒரே அறையில் தங்கும் அடுக்குப் படுக்கை விடுதிகள். லிட்டில் இந்தியா, ஜாலான் புசார், லாவண்டர், சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்களில் இவை நிறைய உள்ளன. முதன்முறை வரும் தமிழ்க் குழுவுக்கு லிட்டில் இந்தியாவும் அதை ஒட்டிய ஜாலான் புசாரும் பொருந்தும் என்பது என் கருத்து. நள்ளிரவு நெருங்கும் நேரத்திலும் சாப்பாடு கிடைக்கும், நாணய மாற்றுக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, நகர மையத்துக்குச் சில நிறுத்தங்கள்தாம். நால்வர் படுக்கை கொண்ட அறை கிடைத்தால் முழு அறையையும் எடுத்துவிடுங்கள். அந்நியரோடு பகிர வேண்டியிராது. சில நாட்களில் மலிவு ஹோட்டலில் இரண்டு இருவர் அறைகளின் வாடகையும் ஏறத்தாழ அதே அளவில் அமைவதுண்டு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் சில நாட்களுக்கு வாடகைக்குக் கிடைப்பதாகக் காட்டப்படும் அடுக்குமாடி வீடுகளை எடுக்காதீர்கள். இங்கே தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விட முடியும். அதற்குக் குறைந்த காலத்துக்கு விடுவது சட்டவிரோதம். உறவினர் வீட்டில் விருந்தினராகத் தங்குவது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை. ஆனால் வீவக வீடுகளில் இடம் அளவானது. நால்வரும் ஒரே வீட்டில் போய் இறங்குவது வீட்டாருக்குச் சுமை என்பதை நினைவில் வையுங்கள்.

ஜொகூர் பாருவில் மலிவாக அறை எடுத்து, தினமும் எல்லை கடந்து வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வெள்ளி மாலையிலும் வார இறுதியிலும் மணிக்கணக்கில் நிற்க நேரிடும். அறையில் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகப் பயணத்தின் பாதி நேரம் வரிசையில் போய்விடும். மலேசியாவிலிருந்தே வருவோர், ஜொகூரிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் குவீன் ஸ்திரீட் முனையம்வரை வரலாம். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம்.

வந்திறங்கிய பின்

சாங்கி விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெரும்பாலோர் தானா மேராவில் மாறி நகருக்குள் போவார்கள். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தங்குவோருக்கு அதைவிட எளிய வழி உண்டு: முதல் நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி, புக்கிட் பாஞ்சாங் நோக்கிச் செல்லும் நீல நிற டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறுங்கள். அந்தப் பாதையில் லிட்டில் இந்தியா என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருப்பதால் பலர் அதுவரை உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ரயில் ஜாலான் புசாரைத் தாண்டியதும் தெற்கே இறங்கி, சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று ஒரு வளையம் அடித்துத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். முஸ்தஃபா பேரங்காடி, டெஸ்கர் சாலைப் பக்கம் விடுதி எடுத்தவர்கள் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்தால் பத்து நிறுத்தங்கள் மிச்சம்.

நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் ரயில் இராது. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை டாக்சிக் கட்டணத்தோடு ஐம்பது விழுக்காடு கூடுதலாகச் சேரும். விமான நிலையத்துக்கென்று தனிக் கூடுதல் கட்டணமும் உண்டு. நால்வர் பகிர்ந்தால் அது தாங்கக்கூடியதே. ஆனாலும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு வருவோர் முதல் ரயில்வரை விமான நிலையத்திலேயே காத்திருப்பது நல்லது. பாதுகாப்பான இடம், குடிநீரும் கழிவறையும் இருக்கின்றன. விடுதி அறை பிற்பகலில்தான் கிடைக்கும், ஆயினும் பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விமான நிலையத்தில் கொஞ்சம் பணம் மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபாவைச் சுற்றியுள்ள கடைகளில் மாற்றுங்கள். இரண்டு மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்தால் விகிதத்தில் வேறுபாடு தெரியும். உணவுக் கடைகள் பலவற்றில் உள்ளூர் வங்கிக் கணக்கு வைத்திருப்போருக்கான பேநவ் என்ற கைப்பேசிக் கட்டண முறை அல்லது ரொக்கம்தான் நடக்கிறது. ஆகவே இரண்டு, ஐந்து வெள்ளித் தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

ரயிலும் பேருந்தும்

விசா, மாஸ்டர்கார்டு வகை வங்கி அட்டையை வாயிலில் தட்டியே உள்ளே போகலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும்; உங்கள் வங்கி நாணய மாற்றுக்காக எடுப்பது தனி. இரண்டு நாள் மட்டும் தங்குவோர் வங்கி அட்டையையே பயன்படுத்தலாம். அதற்கு மேல் தங்குவோர், பணம் நிரப்பிப் பயன்படுத்தும் 'ஈசி-லிங்க்' பயண அட்டை வாங்கிக்கொள்வது நலம். சுற்றுப்பயணிகளுக்கான நாள்-அட்டை, ஒரே நாளில் நகரின் நான்கு மூலைக்கும் ஓடுவோருக்கே கட்டுப்படியாகும். சாதாரணமாக ஒரு பயணம் ஒரு வெள்ளிக்குச் சற்று மேலே தொடங்கி, மிக நீண்ட தொலைவுக்கும் மூன்று வெள்ளியைத் தாண்டாது.

ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி நால்வர் போக முடியாது. பேருந்தில் ஏறும்போது முன்வாசலில் தட்டுவது எல்லாருக்கும் நினைவிருக்கும், இறங்கும்போது மறப்பார்கள். அப்படி மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம்வரை போனதாகக் கணக்கிட்டுக் காசு எடுத்துக்கொள்ளும். முதல் நாளில் ஒருவர் மற்றவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். பேருந்திலிருந்து ரயிலுக்கோ வேறு பேருந்துக்கோ 45 நிமிடத்துக்குள் மாறினால் அது தொடர் பயணமாகவே கருதப்படும்; மொத்தத் தொலைவுக்குத்தான் கட்டணம். ஆகவே நேர்வழி இல்லாத இடத்துக்கு இரண்டு மூன்று வண்டி மாறிப் போவதற்குத் தயங்க வேண்டாம்.

சாப்பாடு

நண்பர் குழு மிக அதிகமாக மிச்சம் பிடிக்கக்கூடியதும், மிக நன்றாக அனுபவிக்கக்கூடியதும் இதுதான். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குளிர்சாதனம் இல்லாத அந்தக் கூரையின் கீழ் அலுவலக மேலாளரும் கட்டுமானத் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்திலிருந்து தொடங்குங்கள். காலையில் பராட்டாக் கடையில் மாவை வீசி, மடித்து, கல்லில் போட்டு எடுத்ததும் இரண்டு கையாலும் அடித்து உதிர்த்துத் தட்டில் வைப்பார்கள். பருப்புச் சாம்பாரோ மீன் குழம்போ கிண்ணத்தில் வரும், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். இரண்டு வெறும் பராட்டாவும் ஒரு தேநீரும் ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். தேநீரில் 'தே' என்றால் கெட்டிப்பால் சேர்த்தது, 'தே ஓ' பாலில்லாதது, 'தே சி' இனிப்பில்லாத டின்பால் ஊற்றியது. கோப்பிக்கும் இதே முறை. மதியத்துக்கு அங்கேயே பிரியாணி வாங்கலாம். அளவு பெரிது என்பதால், அளவாகச் சாப்பிடும் இருவர் ஒன்றைப் பகிர்ந்து, கூடவே வேறொரு தட்டு வாங்கினால் போதும். நால்வர் நான்கு கடையில் வாங்கி நடுவில் வைத்துச் சாப்பிடுவதுதான் இங்குள்ளோர் வழக்கம். குறைந்த காசில் அதிக வகைகளைச் சுவைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

குடியிருப்பு வட்டாரங்களில் உள்ள சீனக் கடைகளில் சோற்றோடு விரும்பிய கறிகளைக் கைகாட்டி வாங்கலாம். இரண்டு காய், ஒரு கோழி என்றால் விலை குறைவு. முழு மீனையோ இறாலையோ காட்டினால் சட்டென்று ஏறிவிடும், முதலில் விலை கேளுங்கள். சைவம் சாப்பிடுவோர் காய்கறி வகையிலும் சிப்பிச் சாறு, நெத்திலி, பெலாச்சான் எனப்படும் இறால் விழுது கலந்திருக்கலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நிலையங்களில் சீனச் சைவக் கடை ஒன்றாவது இருக்கும். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்களும் கைக்கு எட்டும் விலையில் சாப்பாடு போடுகின்றன.

மேசையில் ஒரு சிறு கைத்தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். நீங்களும் அப்படியே செய்யலாம். சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மற்றவற்றுக்குத் தனி அடுக்கு என்பதைக் கவனித்து வையுங்கள்.

குளிர்சாதன உணவகத்தில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். 100 வெள்ளி என்று நினைத்து உட்கார்ந்தால் 119 வெள்ளி 90 காசு கட்டி எழுவீர்கள். சில இடங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் ஈரத்துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் காசு உண்டு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு குப்பி கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருங்கள். இந்த வெயிலில் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தே ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம் போய்விடும்.

காசில்லாமல் காண்பவை

சிங்கப்பூர்ப் பூமலை (பொட்டானிக் கார்டன்ஸ்) காலை ஐந்து மணிமுதல் நள்ளிரவுவரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். 2015இல் உலக மரபுடைமைத் தலமானது. உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். வெயில் ஏறிய பிறகு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குள் போய் உட்காரலாம். குளிர்ச்சியும் கிடைக்கும், தமிழ் நூல்களும் கிடைக்கும். மாலையில் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (கார்டன்ஸ் பை த பே) போய், மாபெரும் செயற்கை மரங்களின் அடியில் 7.45 மணி ஒளி-இசைக் காட்சியைப் பார்த்துவிட்டு, மரினா பே சாண்ட்ஸ் வழியாக நடந்து நீர்முனையை அடைந்தால் 9 மணி நீரொளிக் காட்சிக்குச் சரியாக இருக்கும். அங்கிருந்து வளைகுடாவைச் சுற்றி மெர்லயன் சிலைவரை நடந்து முடித்தால், நகரின் புகழ்பெற்ற இரவுத் தோற்றம் முழுவதையும் ஒரு காசும் கொடுக்காமல் பார்த்தாயிற்று.

செந்தோசாவுக்கு ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டியை ஒட்டிய நடைபாலம் வழியே இலவசமாக நடந்து போகலாம். தீவுக்குள் ஓடும் பேருந்துகளுக்கும் கடற்கரை வண்டிக்கும் கட்டணமில்லை. சாங்கி வில்லேஜிலிருந்து புலாவ் உபின் தீவுக்குச் செல்லும் சிறு படகு பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும், ரொக்கம் வைத்திருங்கள். ஒரு நாள் முழுவதும் மிதிவண்டியில் சுற்ற அது அருமையான இடம்.

ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவில் காலூன்ற இடமிராது. வாரம் முழுதும் உழைக்கும் தமிழகத்து, வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் நண்பரைச் சந்திக்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடும் நாள் அது. கூட்டத்தைக் குறைசொல்லாமல், அவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள். உங்கள் கடை வேலைகளை வார நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அபராதமும் செலவுதான்

ரயிலில் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளிவரை அபராதம் உண்டு. சூயிங் கம் கொண்டுவரக் கூடாது. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரு பெட்டி இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். பொது இடங்களில் இரவு பத்தரை முதல் காலை ஏழுவரை மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழுவரை முழுத் தடை. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ கொண்டுவருவோர் முன்னனுமதி தேவையா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் நாள்

ஒரே கடையில் பொருள், சேவை வரியோடு சேர்த்து 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ பொருள் வாங்கியிருந்தால், விமானம் வழி திரும்புவோர் அந்த வரியைச் சாங்கியில் திரும்பப் பெறலாம். ஒரே நாளில் அதே கடையில் வாங்கிய மூன்று பற்றுச்சீட்டுகள்வரை கூட்டிக்கொள்ளலாம். வாங்கும்போதே கடப்பிதழைக் காட்டுங்கள். நண்பர்கள் வாங்கியதையெல்லாம் ஒருவர் பெயரில் சேர்த்துத் தொகையைக் கூட்டுவது முறைகேடு, அதைச் செய்ய வேண்டாம். பெட்டிக்குள் போகும் பொருளாக இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வரித்திருப்பு இயந்திரத்துக்குச் செல்லுங்கள்.

பொதுப்பணக் கணக்கை விமானமேறும் அவசரத்தில் பார்க்காமல், கடைசி நாளுக்கு முந்தைய இரவே விடுதியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் ஒரே மாற்று விகிதத்தை வைத்து முடித்துவிடுங்கள். மீந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தபின், பயண அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். 'ஈசி-லிங்க்' அட்டை ஐந்தாண்டுகள் செல்லும்; ஊரிலிருந்து அடுத்து வருபவரிடம் அதைக் கொடுத்தனுப்பினால் அவருக்கு அட்டை வாங்கும் செலவு மிச்சம்.